டோக்கன் கையில் இருக்கும்போது இரண்டு பாசஞ்சர் வண்டிகள் மோதுமா?

3 பிப்ரவரி, கேள்வி

ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1920-களில் ஒற்றைத் தண்டவாளப் பாதையில், ஒரு கற்பனை ஊருக்கு அருகே இரண்டு பாசஞ்சர் வண்டிகள் நேருக்கு நேர் மோதுகின்றன. மொத்தக் கதையும் அந்த விபத்தைச் சுற்றித்தான். படித்துப் பார்த்த நண்பர், "அந்தக் காலத்திலேயே, பாதையின் ஒரு பகுதிக்குள் போக அனுமதியாக டிரைவரிடம் ஒரு பொருளைக் கொடுக்கும் டோக்கன் முறை வந்துவிட்டது. டோக்கன் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். அதனால் நேருக்கு நேர் மோதல் நடக்கவே நடக்காது. உன் கதையில் அஸ்திவாரமே ஓட்டை" என்கிறார். உண்மையா? ஒரு சதிகாரனைக் கொண்டுவந்தால்தான் கதை தப்பிக்குமா?

3 பிப்ரவரி, இரவு

சதிகாரனே வேண்டாம் தம்பி. உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. கருவி ஒரு நேரத்தில் ஒரு டோக்கனைத்தான் விடும். ஆனால் வெளியே வந்த டோக்கன் எந்தப் பகுதிக்கானது என்று யாராவது ஒருவர் படித்துப் பார்க்க வேண்டுமே. உங்கள் கதைக்கு அங்கேதான் இடம்.

நிஜமாகவே நடந்திருக்கிறது. 26 ஜனவரி 1921, வேல்ஸ். கேம்ப்ரியன் ரயில்வேயின் ஒற்றைப் பாதையில் அபர்மியூல் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். கிழக்கே மாண்ட்கோமரி, மேற்கே நியூடவுன். விட்சர்ச்சிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பாசஞ்சர் வருகிறது, கடற்கரை ஊரான அபரிஸ்ட்வித்திலிருந்து கிழக்கு நோக்கி ஒரு எக்ஸ்பிரஸ் வருகிறது. இரண்டும் அபர்மியூலில் கிராஸிங் ஆக, அதாவது ஒன்று நிற்க மற்றொன்று தாண்டிப் போக வேண்டும். ஆகவில்லை. ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு மைல் போல் தள்ளி, பட்டப்பகலில் மோதின. 17 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் லார்டு ஹெர்பர்ட் வேன்-டெம்பெஸ்ட், அந்த ரயில்வே கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர்.

இரண்டு எஞ்சினிலும் டேப்லட் (தகடு வடிவ டோக்கன்) இருந்தது. எக்ஸ்பிரஸில் இருந்தது சரியானது. பாசஞ்சரில் இருந்தது, அது ஏற்கெனவே கடந்து வந்துவிட்ட பகுதியின் டேப்லட்.

4 பிப்ரவரி

"இரண்டு பேரிடமும் எப்படி?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கருவியைச் சொல்லிவிடுகிறேன்.

ஒற்றைப் பாதையில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் இரு முனையிலும் ஒரு கருவி, நடுவே மின்கம்பி. இந்த முனையில் ஒருவர் டேப்லட் எடுக்க வேண்டுமானால், அந்த முனையில் இருப்பவர் அழுத்தி அனுமதி கொடுத்தால்தான் திறக்கும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது இரண்டில் ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பிப் போகும்வரை அடுத்தது வராது. எட்வர்ட் டையர் என்பவர் 1878-இல் கொண்டுவந்த முறை. டேப்லட் என்பது உள்ளங்கையில் அடங்குகிற வட்டத் தகடு, இரண்டு ஸ்டேஷன் பெயரும் பொறித்திருக்கும்.

ஆக நடு ஸ்டேஷனான அபர்மியூலில் இரண்டு கருவிகள். ஒன்று மாண்ட்கோமரி பக்கத்துக்கு, ஒன்று நியூடவுன் பக்கத்துக்கு. கிழக்கேயிருந்து வரும் பாசஞ்சர் முதல் பகுதியின் டேப்லட்டைக் கொடுத்துவிட்டு இரண்டாவது பகுதியின் டேப்லட்டை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அன்றைக்கு இரண்டாவது பகுதியின் டேப்லட் ஏற்கெனவே நியூடவுனில் எக்ஸ்பிரஸ் டிரைவர் கையில். கருவி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

4 பிப்ரவரி, மறுபடி

யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நாவலுக்கு இதுதான் உபயோகம்.

வழக்கமான ஸ்டேஷன் மாஸ்டர் லீவு. அவருக்குப் பதிலாக ஒரு ரிலீஃப் மாஸ்டர். ஒரு சிக்னல்மேன். 17 வயதில் ஒரு போர்ட்டர். 15 வயதில் ஒரு பயிற்சி கிளார்க். டேப்லட் கருவியைத் தொட அதிகாரம் முதல் இருவருக்கு மட்டும். கருவி இருந்ததோ சிக்னல் கேபினில் இல்லை, ஸ்டேஷன் கட்டிடத்துக்குள். அதனால் யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள் மணிக்குப் பதில் சொல்வது அங்கே பழக்கமாகிவிட்டது.

பாசஞ்சருக்கு மாண்ட்கோமரி அனுமதி கேட்கிறது. சிக்னல்மேன் கொடுத்துவிட்டு, லெவல் கிராஸிங் கேட்டையும் சிக்னலையும் பார்க்கக் கேபினுக்குப் போகிறார். அடுத்து நியூடவுன் ஸ்டேஷன், எக்ஸ்பிரஸுக்கு அனுமதி கேட்கிறது. கொடுத்தது அந்த 17 வயதுப் பையன். கொடுத்ததில் தப்பில்லை, எக்ஸ்பிரஸ் வரட்டும், பாசஞ்சர் நிற்கட்டும், அதுதான் திட்டமே. ஆனால் கொடுத்ததை மாஸ்டரிடம் சொல்லவில்லை. மாஸ்டர் அப்போதுதான் சாப்பாடு முடிந்து வருகிறார்.

பாசஞ்சர் வந்து நிற்கிறது. கிளார்க் பையன் டிரைவரிடம் டேப்லட்டை வாங்குகிறான். அதைக் கொண்டுபோய்க் கருவியில் போட வேண்டும். ஆனால் இறங்கும் பயணிகளிடம் டிக்கெட்டும் வாங்க வேண்டும். எதிரே மாஸ்டர் வருகிறார். அவர் கையில் டேப்லட்டைக் கொடுத்துவிட்டு டிக்கெட் வாங்கப் போய்விடுகிறான். எக்ஸ்பிரஸ் எங்கே என்று மாஸ்டர் கேட்டதற்கு, மோட் லேன் பக்கம் என்று பதில். மோட் லேன் நியூடவுனுக்கும் அந்தப் பக்கம். அப்படியானால் பாசஞ்சரை நியூடவுன்வரை விட்டுவிடலாம், அங்கே கிராஸ் ஆகட்டும், அதற்கான டேப்லட்டைத்தான் பையன் எடுத்துத் தந்திருக்கிறான் என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். கையில் இருந்ததை நேராக டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் வாங்கிக்கொண்டார். வண்டி கிளம்பலாம் என்று காட்டும் ஸ்டார்ட்டர் சிக்னலைச் சிக்னல்மேன் இறக்கினார். வண்டி போயிற்று.

சற்றுமுன் தான் கொடுத்த டேப்லட்டையே டிரைவர் திரும்ப வாங்கியிருக்கிறார். அதுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டையில் நிற்கிறது.

4 பிப்ரவரி, சுருக்கமாக

"போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே" என்று ஒருவர். ஸ்டேஷனுக்குச் சொல்லலாம் ஐயா. 1921-இல் ஓடுகிற எஞ்சினுக்கு எந்த நம்பரில் போன் பண்ணுவது?

6 பிப்ரவரி

டேப்லட்டை டிரைவர் எப்படிப் படிக்காமல் விடுவார் என்று பலருக்கும் நம்ப முடியவில்லை. எனக்கு நம்ப முடிகிறது. நான் மீட்டர் கேஜ் காலத்தில் ஏ.எஸ்.எம். (அசிஸ்டன்ட் ஸ்டேஷன் மாஸ்டர்) ஆக இருந்தவன். நம்மிடம் தகடு கிடையாது, பந்து. நீல்ஸ் டோக்கன் கருவி. ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்: பக்கத்து ஸ்டேஷனோடு மணி அடித்துப் பேசி, பிரைவேட் நம்பர் வாங்கி, கைப்பிடியைத் திருப்பினால் உள்ளேயிருந்து ஓர் இரும்புப் பந்து உருண்டு வந்து விழும். அந்தச் சத்தம் கேட்டால்தான் மனசுக்கு நிம்மதி. பந்தில் இரண்டு ஸ்டேஷனின் எழுத்தும் வெட்டியிருக்கும். பல கை பட்டுத் தேய்ந்து, சில பந்துகளில் எழுத்தை விரலால் தடவித்தான் படிக்க முடியும்.

பந்தைத் தோல் பையில் போட்டு வாரை இறுக்கி, பையைப் பிரம்பு வளையத்தில் மாட்டி, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனிடம் கொடுப்போம். நிற்காத வண்டியானால் அவர் பிளாட்பார முனையில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார். ராத்திரியில் வளையம் தெரிவதற்காகத் தீப்பந்தம் ஒரு கையில். எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு வளையத்தை அள்ளிக்கொண்டு போகும், அதே நேரம் பழைய வளையம் கீழே வந்து விழும். விழுகிற இடத்தில் தலையைக் கொடுக்காமல் இருப்பது தனிக் கலை.

அள்ளிய பிறகு டிரைவர் பையைத் திறந்து பந்தைப் படிக்க வேண்டும் என்பது விதி. படிப்பவர்களும் உண்டு. பையைக் கையால் அமுக்கிப் பார்த்து, உள்ளே உருண்டையாக ஏதோ இருக்கிறது என்று திருப்திப்படுகிறவர்களும் உண்டு. நூறு முறை சரியாக இருந்த பையை நூற்றோராவது முறை திறந்து பார்க்கச் சொன்னால், மனித சுபாவம் அது.

ஒரு மழைக்கால ராத்திரியில் வளையம் டிரைவர் கையில் சிக்காமல் தட்டிவிட்டுப் போய்விட்டது. வண்டி அவுட்டர் சிக்னலைத் தாண்டி நின்றது. பையின் வார் சரியாக இறுக்கவில்லை போல, வளையம் கிடைத்தது, பை கிடைத்தது, பந்து இல்லை. கருவேல முள்ளுக்குள் நான், பாயிண்ட்ஸ்மேன், கார்டு, வண்டியிலிருந்து வேடிக்கை பார்க்க இறங்கிய நாலு பயணிகள், எல்லோரும் கைவிளக்கோடு குனிந்து தேடினோம். கண்ட்ரோலில் இருந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன். பந்து கிடைக்காவிட்டால் கருவியே பூட்டு. சிக்னல் ஆள் வந்து சரிசெய்கிறவரை எல்லா வண்டிக்கும் பேப்பர் லைன் கிளியர் என்கிற எழுத்து அனுமதிச் சீட்டுதான். கடைசியில் ஒரு பயணியின் பையன் சேற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தான். துடைத்துக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக் கொடுத்தேன். டிரைவர் பெரியவர். பையை என் கண்முன்னே திறந்து, பந்தை வேட்டியில் துடைத்து, எழுத்தைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் ஏறினார்.

(எஞ்சினில் வேட்டியா என்று கேட்பீர்கள். யூனிஃபார்ம் நனைந்திருந்தது. விடுங்கள்.)

6 பிப்ரவரி, மலையகத்திலிருந்து கேட்டவருக்கு

ஆமாம், பதுளைப் பாதையில் நீங்கள் பார்க்கிற வளையமும் பையும் இதே டையர் டேப்லட் வம்சம்தான். அடுத்த முறை பிளாட்பாரத்தில் நிற்கும்போது, வாங்கியவர் பையைத் திறந்து படிக்கிறாரா என்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

7 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்தவர்கள் எல்லாரும் "அப்படியானால் டிரைவர்தான் குற்றவாளி" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பாசஞ்சர் டிரைவரும் ஃபயர்மேனும் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். தங்கள் பக்கத்தைச் சொல்ல அவர்கள் விசாரணைக்கு வரவில்லை. எக்ஸ்பிரஸ் டிரைவரும் ஃபயர்மேனும் எதிரே வண்டியைப் பார்த்ததும் பிரேக் போட்டுவிட்டுக் குதித்ததால் பிழைத்தார்கள். இறந்தவன்மேல் பழி போடுவது எந்த இலாகாவிலும் சுலபம்.

டிரைவர் பார்த்தது என்ன? மாஸ்டரே நேரில் வந்து டேப்லட்டைக் கொடுக்கிறார். ஸ்டார்ட்டர் இறங்கியிருக்கிறது. பிளாட்பாரத்தில் யார் முகத்திலும் பதற்றம் இல்லை. மூன்று பேர் சரி பார்த்துவிட்டார்கள் என்று அவர் நினைத்திருப்பார். அந்த மூன்று பேரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்தவர்கள்.

என் மட்டில், எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு கருவியை வைத்த இடம். கருவி கேபினுக்குள் இருந்திருந்தால் மணிக்குப் பதில் சொல்வதும் சிக்னல் இறக்குவதும் ஒரே ஆள் வேலை. அந்த ஆளுக்கு எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டது தெரிந்திருக்கும். விசாரித்த கர்னல் பிரிங்கிளும் அந்த ஸ்டேஷன் ஆட்களைக் கண்டித்துவிட்டு, கருவியைக் கேபினுக்குக் கொண்டுபோங்கள், டேப்லட் எடுத்தால்தான் ஸ்டார்ட்டர் இறங்கும்படி மின்பூட்டு போடுங்கள் என்றார். அபர்மியூலில் அந்தப் பூட்டு இல்லை. டேப்லட் கருவி ஒரு பக்கம், சிக்னல் ஒரு பக்கம், இரண்டையும் இணைத்தது நடந்து போகிற ஒரு பையன்.

அடுத்த வருஷமே கேம்ப்ரியன் ரயில்வே கிரேட் வெஸ்டர்னோடு சேர்ந்துவிட்டது.

9 பிப்ரவரி

இந்த டேப்லட் முறையே ஒரு மோதலில் பிறந்ததுதான் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

10 செப்டம்பர் 1874, இங்கிலாந்தில் நாரிச் பக்கத்தில் தோர்ப். நாரிச்சுக்கும் பிரண்டலுக்கும் நடுவே ஒற்றைப் பாதை. லண்டனிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் தாமதம். பிரண்டலில் ஒரு மெயில் காத்திருக்கிறது. நாரிச்சில் ராத்திரி இன்ஸ்பெக்டருக்கு, எக்ஸ்பிரஸ் வருவதற்குள் மெயிலை இழுத்துவிடலாமே என்று ஒரு யோசனை. மெயிலை அனுப்பு என்று பிரண்டலுக்குத் தந்தி போகிறது. விதிப்படி அந்தத் தாளில் இன்ஸ்பெக்டர் கையெழுத்து இருந்தால்தான் தந்தி கிளார்க் அனுப்ப வேண்டும். கையெழுத்து இல்லாமலே போய்விட்டது. இதற்கிடையே எக்ஸ்பிரஸ் வந்து, அதையும் அனுப்பிவிட்டார்கள். மெயிலை நிறுத்து என்று மறுபடி தந்தி. மெயில் போய்விட்டது என்று பதில். நல்ல மழை, கும்மிருட்டு. 25 பேர் இறந்தார்கள். இரு எஞ்சினிலும் இருந்த நாலு பேரும் அதில் அடக்கம்.

நாரிச் பிளாட்பாரத்தில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். மோதப் போகிறது என்று தெரியும். எப்போது என்றுகூட ஏறக்குறைய தெரியும். செய்ய ஒன்றுமில்லை, டாக்டருக்குச் சொல்லி அனுப்புவதைத் தவிர. என்னைக் கேட்டால், நாவலில் மோதலைவிட இந்தச் சில நிமிஷத்தைத்தான் எழுத வேண்டும்.

வாய்ச்சொல்லையும் தந்தித் தாளையும் நம்ப முடியாது, கையில் பிடிக்கிற பொருளாக ஒன்று வேண்டும் என்ற இடத்திலிருந்துதான் டையரின் தகடு வந்தது.

10 பிப்ரவரி

"அமெரிக்காவில் டோக்கனே கிடையாதாமே?" பெரும்பாலும் கிடையாது. டைம்டேபிள், எழுத்தில் கொடுக்கும் டிரெய்ன் ஆர்டர், டிரைவரின் கண், அவ்வளவுதான். அதற்கான விலையையும் கொடுத்தார்கள். 9 ஜூலை 1918, டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில் ஊருக்கு வெளியே டச்மேன்ஸ் வளைவு. ஊரைத் தாண்டும்வரை இரட்டைப் பாதை, அப்புறம் ஒற்றை. எதிர்வண்டி தாண்டிவிட்டதா என்று இரட்டைப் பாதையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியது வெளியே போகும் வண்டியின் ஆட்களின் பொறுப்பு. வழியில் ஷண்டிங் எஞ்சின் ஒன்று சில பெட்டிகளோடு போயிற்று. அதையே எதிர்வண்டி என்று எடுத்துக்கொண்டார்கள். கேபின்காரர் சிக்னலும் கொடுத்துவிட்டு, அப்புறம் பதிவேட்டைப் பார்த்தால் எதிர்வண்டி தாண்டியதாகக் குறிப்பே இல்லை. விசில் ஊதினார். கடைசிப் பெட்டியில் கேட்பதற்கு யாரும் இல்லை. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 101 பேர். முன்பக்க மரப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போன கறுப்பினத் தொழிலாளிகள்தான் அதில் பெரும்பகுதி. மரப் பெட்டி யாருக்கு, இரும்புப் பெட்டி யாருக்கு என்று தோல் நிறம் தீர்மானித்த காலம்.

13 பிப்ரவரி

பேச்சு அரியலூருக்குப் போய்விட்டது. போகாமல் இருக்குமா. நவம்பர் 1956, மருதையாற்று வெள்ளம், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், லால் பகதூர் சாஸ்திரியின் ராஜினாமா. நம் வீடுகளில் ரயில் விபத்து என்றாலே அதுதான். ஆனால் அது பாலம் போன கதை, இரண்டு வண்டி மோதிய கதை இல்லை. தனியாகப் பேசலாம்.

நம் நாட்டில் பயணிகள் வண்டியும் பயணிகள் வண்டியும் மோதியதற்கு ஃபிரோசாபாத்தைத்தான் சொல்வேன். 20 ஆகஸ்ட் 1995, விடியாத நேரம். காளிந்தி எக்ஸ்பிரஸ் ஒரு நீலகாயை அடித்து, பிரேக் கோளாறாகி நடுப்பாதையில் நின்றுவிட்டது. அது ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது என்று கேபினில் எடுத்துக்கொண்டு, பின்னால் வந்த புருஷோத்தம் எக்ஸ்பிரஸுக்கு வழி கொடுத்துவிட்டார்கள். முழு வேகத்தில் பின்னால் வந்து ஏறியது. அரசாங்கக் கணக்கு 358 பேர். காளிந்தியின் பொதுப் பெட்டிகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்.

இதில் பார்க்க வேண்டிய பொருள் கடைசிப் பெட்டியின் பின்னால் தொங்குகிற எல்.வி. ('லாஸ்ட் வெஹிக்கிள்') பலகை. ராத்திரியில் சிவப்பு விளக்கு. அது கண்ணில் பட்டால்தான் வண்டி முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த மாஸ்டர் என்னிடம், எஞ்சினைப் பார்க்காதே, வாலைப் பார் என்பார். ராத்திரி ரெண்டு மணிக்கு, கொசுக்கடியில், போர்வைக்குள்ளிருந்து எழுந்து வெளியே வந்து வாலைப் பார்க்க வேண்டும். வண்டிச் சத்தம் கேட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே பதிவேட்டில் நேரம் எழுதிவிடுகிற ஆட்களும் இருந்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள்.

மேற்கு வங்காளத்தில் கைசல், 2 ஆகஸ்ட் 1999. அவத் அஸ்ஸாம் எக்ஸ்பிரஸும் பிரம்மபுத்ரா மெயிலும் ராத்திரியில் நேருக்கு நேர். 285 பேருக்கு மேல். பாதை வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு வண்டி தப்பான தண்டவாளத்துக்கு மாறியது, வழியில் இருந்த ஸ்டேஷன்களில் எவரும் கவனிக்கவில்லை. நிதிஷ் குமார் அப்போது ரயில்வே மந்திரி, ராஜினாமா செய்தார். உங்கள் நாவலில் மந்திரி வேண்டாம், 1920-இல் ரயில்வே கம்பெனியின் தலைமை அதிகாரியான வெள்ளைக்கார ஏஜென்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் ராஜினாமாவும் செய்ய மாட்டார்.

14 பிப்ரவரி

மறதியால் ஒரு முழு வண்டியே கண்ணில் படாமல் போகுமா என்றால், போகும். 22 மே 1915, ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில். ஒரு லோக்கல் வண்டியைக் கேபினுக்கு எதிரிலேயே தப்புப் பாதையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். காலை ஷிஃப்ட்டுக்கு வந்த சிக்னல்மேன் அதே லோக்கலில் ஏறி வந்து இறங்கியவர். ஷிஃப்ட் மாறும் நேரத்தைத் தாமதமாக மாற்றிக்கொண்டு, அது மேலே தெரியாமல் இருக்கப் பதிவேட்டை நகல் எடுத்துக்கொண்டு இருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டி மறந்துபோயிற்று. சிப்பாய்களை ஏற்றி வந்த வண்டிக்கு அதே பாதையில் சிக்னல் இறக்கினார். மோதிக் கிடந்ததன்மேல் அடுத்த எக்ஸ்பிரஸ். மரப் பெட்டி, கேஸ் விளக்கு, தீ. 220 பேருக்கு மேல் இறந்தார்கள். சரியான எண்ணிக்கை இன்றுவரை இழுபறி, பட்டாளத்தின் பெயர்ப் பட்டியலும் தீயில் போய்விட்டது.

லீவரை மறந்துகூட இழுக்காமல் இருக்க மாட்டுகிற இரும்பு வளையம் அந்தக் கேபினிலேயே இருந்தது. மாட்டவில்லை.

17 பிப்ரவரி

மின்பூட்டு இருந்தால் அபர்மியூல் நடந்திருக்காது என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, "ஆக இப்போது எல்லாம் கம்ப்யூட்டர், இனிமேல் நடக்காது" என்று ஒரு தம்பி சந்தோஷப்பட்டிருக்கிறார். அவர் சந்தோஷத்தைக் கெடுக்கிறேன்.

பாட் ஐப்ளிங், ஜெர்மனி, 9 பிப்ரவரி 2016. ஒற்றைப் பாதை, நவீன சிக்னல், தானே பிரேக் போடுகிற ஏற்பாடு எல்லாம் உண்டு. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் செல்போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தார். பூட்டு தடுத்தபோது விசேஷ சிக்னல் கொடுத்து வண்டியை விட்டுவிட்டார். தப்பு உறைத்ததும் அவசர அழைப்பு கொடுத்தார், அது தப்பான பொத்தான், டிரைவர்களுக்குப் போகவில்லை. 12 பேர். அதே வருஷம் ஜூலையில் இத்தாலியில் ஆந்த்ரியாவுக்கும் கொராத்தோவுக்கும் நடுவே 23 பேர். அங்கே ஒற்றைப் பாதையின் ஒரு பகுதியை இன்னமும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் டெலிபோனில் சொல்லித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1874-இல் தந்தி, 2016-இல் டெலிபோன்.

பாலசோர் ஞாபகம் இருக்கும். 2 ஜூன் 2023, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். அதில் டிரைவர்மேல் தப்பில்லை, பச்சை விழுந்தது, போனார். சிக்னல் நேர்ப்பாதைக்கு, தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட் பக்கத்து லூப் பாதைக்கு. நின்றிருந்த சரக்கு வண்டியில் இடித்து, புரண்ட பெட்டிகள் எதிரே போய்க்கொண்டிருந்த பெங்களூரு ஹவுரா வண்டியின் வாலில் விழுந்தன. லெவல் கிராஸிங் தடுப்புக்காகச் செய்த வேலையிலும், அதற்கு முன்பே மாற்றி வைத்திருந்த இணைப்பிலும் கம்பி மாறியிருந்தது. பூட்டு இருந்தது. பூட்டுக்குப் போகிற கம்பி பொய் சொன்னது.

இதனால்தான் 7-ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். கருவியை எங்கே வைப்பது என்பது பெரிய விஷயம்தான். ஆனால் பூட்டு வந்த பிறகு அந்தப் பந்தை விரலால் தடவிப் படிக்கிற பழக்கம் போய்விடுகிறது. பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. மோதலைத் தடுக்கத் தானே பிரேக் போடும் கவாச் வரட்டும், சீக்கிரம் வரட்டும். பூட்டைத் திறந்து வேலை செய்துவிட்டு மூடுகிற ஆள், கண்முன்னே பாயிண்டை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டுப் போகிறாரா என்பதுதான் இப்போதைய டேப்லட் கேள்வி.

18 பிப்ரவரி

"நீங்கள் யூனியன் ஆளா?" என்று ஒருவர். இல்லை, நான் யூனியன் ஆள் இல்லை. சந்தா மட்டும் கட்டினேன்.

21 பிப்ரவரி

நாவல்காரத் தம்பி மாற்றிய அத்தியாயத்தை அனுப்பியிருந்தார். சதிகாரன் போய்விட்டான், மகிழ்ச்சி. சில திருத்தங்கள்.

உங்கள் ஸ்டேஷனில் வழக்கமான மாஸ்டர் லீவு என்று வைத்தது நல்லது. ஆனால் புதிதாக வந்தவர் முட்டாளாக இருக்க வேண்டாம். வேலை தெரிந்தவர், அந்த ஊர்ப் பழக்கம் தெரியாதவர். அவருக்குத் தெரிந்த ஸ்டேஷனில் பையன்கள் கருவியைத் தொட மாட்டார்கள்.

டேப்லட்டைக் கொடுக்கும் இடத்தில் இருவரும் நீளமாகப் பேசுகிறார்கள். அவ்வளவு பேசினால் விபத்தே நடக்காது. "இந்தாங்க சார்", "சரி". போதும்.

மோதியதும் ஊரே திரண்டு வருகிறது என்கிறீர்கள். ஒரு மைல் தள்ளி வயல்வெளியில் முதலில் வருகிறவர்கள் பக்கத்தில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன்களும் உழுதுகொண்டிருந்தவர்களும்தான். கடப்பாரை அவர்களிடம் இருக்கும்.

விசாரணைக் காட்சியில் இடிபாட்டிலிருந்து இரண்டு டேப்லட்டையும் எடுத்து மேஜையில் வைப்பது பிரமாதம், அப்படியே இருக்கட்டும். ஆனால் அதிகாரி பார்த்ததும் கண்டுபிடிக்கிறார் என்று எழுதாதீர்கள். படிப்பதற்கு முன்னால் சேற்றைத் துடைக்கட்டும்.

கடைசியாக, இரண்டு டிரைவர்களும் இறுதி நொடியில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதாக வைத்திருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். நீராவி எஞ்சினில் டிரைவருக்கு முன்னால் நீளமாக பாய்லர் கிடக்கிறது, பக்கவாட்டு ஜன்னலில் எட்டித்தான் பாதையைப் பார்க்க வேண்டும். வளைவு மறுபக்கமாகத் திரும்பினால் அவருக்கு ஒன்றும் தெரியாது, ஃபயர்மேன் பக்கம்தான் தெரியும். ஃபயர்மேன் அந்த நேரத்தில் குனிந்து கரி அள்ளிக்கொண்டிருப்பார். உங்கள் வண்டி எந்தப் பக்கம் வளைகிறது என்று முடிவு பண்ணிவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி எழுதுங்கள்.